சுவாமி விபுலாநந்தர்: கற்றுத் திரும்பி வந்தவர்



பரீட்சை நெருங்கும் காலத்தில் உங்களில் பலருடைய மனத்தில் ஒரு கேள்வி எழும். இவ்வளவு பாடங்களையும் படித்து முடித்த பின்னர் என்ன என்பதே அக்கேள்வி. சான்றிதழ் கிடைக்கும், பின்னர் உயர்தரம், பல்கலைக்கழகம், உத்தியோகம் என்று வழி நீளும். அவ்வளவுதானா? கொக்கட்டிச்சோலையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதனைக் கேட்காமல் விடுவதில்லை. இக்கேள்வியைக் கேட்பவர் படிப்பில் அக்கறை இல்லாதவர் என்று எண்ண வேண்டாம். அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

இற்றைக்கு ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் இதே கேள்வி எழுந்தது. அறிவு எதற்காக? நல்லொழுக்கத்தைக் கற்பிக்க முடியுமா? நல்ல சமுதாயம் எவ்வாறு அமைய வேண்டும்? சோக்கிரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் ஆகிய மூவரும் இக்கேள்விகளை ஆராய்ந்தனர்.

இம்மூன்று கேள்விகளுக்கும் தமது வாழ்க்கையாலே விடை கூறிய ஒருவர் நமது கிழக்கு மண்ணிலும் பிறந்தார். அவரே சுவாமி விபுலாநந்தர். அவரைப் பற்றிய கட்டுரைகளை நீங்கள் பல தடவை எழுதியிருப்பீர்கள். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எழுதிய நூல் என்று மனனம் செய்திருப்பீர்கள். இம்முறை அவருடைய வாழ்க்கையை வேறொரு கோணத்தில் நோக்குவோம்.

கிரேக்கர் கூறிய விடைகள்

முதலில் அம்மூன்று கிரேக்க அறிஞர்களின் கருத்துக்களைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். பின்னர் விபுலாநந்தரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்வது இலகுவாகும்.

சோக்கிரட்டீஸ் கல் வேலை செய்யும் ஒருவரின் மகன். அவர் நூல் எதுவும் எழுதவில்லை. சந்தையிலும் தெருவிலும் மக்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்களைச் சிந்திக்க வைத்தார். நன்மை எது என்பதை உண்மையாக அறிந்த ஒருவன் தீமை செய்யமாட்டான் என்பது அவரது கொள்கை. இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டு, கி.மு. 399 இல் நஞ்சருந்தி இறக்கும்படி தண்டிக்கப்பட்டார்.

அவருடைய மாணவர் பிளேட்டோ. ஆசிரியரின் மரணம் அவரைப் பெரிதும் பாதித்தது. நல்லவர் ஒருவரைக் கொல்லும் சமுதாயம் எப்படி நல்ல சமுதாயமாகும் என்று சிந்தித்தார். ஆட்சி அறிவுடையோரிடம் இருக்க வேண்டும், அவர்களை உருவாக்குவதற்குச் சிறு வயதிலிருந்தே முறையான கல்வி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஏறத்தாழ கி.மு. 387 இல் ஏதென்சில் அக்கடமி என்ற கல்விக்கூடத்தை நிறுவினார். பெண்களும் தகுதியிருந்தால் ஆட்சிப் பொறுப்பிற்குரிய கல்வியைப் பெறலாம் என்று அக்காலத்திலேயே எழுதினார்.

பிளேட்டோ கூறிய குகைக் கதை மிகவும் புகழ்பெற்றது. ஒரு குகைக்குள்ளே சிலர் பிறந்தது முதல் கட்டப்பட்டிருக்கின்றனர். எதிரிலுள்ள சுவரில் விழும் நிழல்களை மட்டுமே அவர்கள் காண்கின்றனர். நிழல்களே உண்மை என்று நம்புகின்றனர். அவர்களுள் ஒருவன் விடுவிக்கப்பட்டு வெளியே செல்கிறான். முதலில் கண் கூசுகிறது. மெல்ல மெல்ல மரங்களையும் மனிதர்களையும் காண்கிறான். இறுதியில் சூரியனையே காண்கிறான். இக்கதையின் முக்கியமான பகுதி இனித்தான் வருகிறது. வெளிச்சத்தைக் கண்டவன் அங்கேயே தங்கிவிடக் கூடாது. தன்னுடன் கட்டப்பட்டிருந்தவர்களுக்காக மீண்டும் குகைக்குள் இறங்க வேண்டும். இறங்குபவனை அவர்கள் ஏளனம் செய்யலாம், துன்புறுத்தவும் கூடும். அப்படியிருந்தும் அவன் இறங்க வேண்டும்.

அரிஸ்டோட்டில் பிளேட்டோவிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயின்றவர். நன்மையை அறிந்தால் மட்டும் போதாது என்று அவர் கூறினார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் மேசனாகிறான். அதுபோல நல்ல செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்வதனாலேயே ஒருவன் நல்லவனாகிறான். ஒழுக்கம் பழக்கத்தால் வருவது என்பது அவர் கருத்து.

சுருங்கக் கூறின், அறிவு வேண்டும். அறிவு செயலாக வேண்டும். அச்செயல் பிறருக்குப் பயன்பட வேண்டும். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு இப்போது காரைதீவுக்குச் செல்வோம்.

காரைதீவில் பிறந்த மயில்வாகனன்

கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடையே கடற்கரையோரமாக அமைந்த ஊர் காரைதீவு. இன்று அது அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. அது 1961 இலேயே உருவாக்கப்பட்டது. எனவே மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவு என்று பழைய நூல்களில் வந்தால் குழம்ப வேண்டாம்.

அவ்வூரில் 1892 மார்ச் 27 இல் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாக மயில்வாகனன் பிறந்தார். இதுவே விபுலாநந்தரின் இயற்பெயர். ஊரிலே தொடக்கக் கல்வியைக் கற்ற அவர், பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அத்துடன் தமிழ் அறிஞர்களிடம் தனியாகச் சென்று தமிழையும் வடமொழியையும் கற்றார்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அவர் சைவக் குடும்பத்துப் பிள்ளை. கல்முனையில் மெதடிஸ்த திருச்சபையினரும் மட்டக்களப்பில் கத்தோலிக்கக் குருமாரும் அவருக்குக் கல்வி அளித்தனர். அறிவு எந்த வாசலால் வந்தாலும் அதனை ஏற்கும் மனப்பான்மை அவருக்கு இளமையிலேயே அமைந்துவிட்டது. பின்னாளில் தாம் நடத்திய பாடசாலைகளில் சமய வேறுபாடு பார்க்காமல் மாணவரைச் சேர்த்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

பரீட்சைகளில் சித்தியடைந்தவர்

பரீட்சைக்குத் தயாராகும் உங்களுக்கு இப்பகுதி மிகவும் பிடிக்கும். 1908 இல், தமது பதினாறாவது வயதில், மயில்வாகனன் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். உடனே ஆசிரியர் பணி கிடைத்தது. அத்தோடு அவர் நிறைவடையவில்லை. 1911 இல் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையில் சேர்ந்து பயிற்சி பெற்றார். பின்னர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று 1916 இல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகச் சித்தியடைந்தவர் இவரே.

ஒரே ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவும் தமிழ்ப் பண்டிதர் பட்டமும்! விஞ்ஞானம் படிப்பவர் தமிழை விட்டுவிடுவதும், தமிழ் படிப்பவர் கணிதத்தைக் கண்டு அஞ்சுவதும் இன்று நமது வகுப்புகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை. மயில்வாகனன் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை.

1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலில் கற்பித்துக்கொண்டே தாமும் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

பதவியை விட்ட துறவி

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், இருபத்தெட்டு வயதில், இலண்டன் பட்டமும் அதிபர் பதவியும் பெற்ற ஒருவருக்கு முன்னால் எத்தனை வாய்ப்புகள் இருந்திருக்கும்? நல்ல சம்பளம், வீடு, மதிப்பு யாவும் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தன. நம்மில் பலர் கல்வியின் முடிவு என்று கருதும் இடத்திற்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

அவரோ 1922 இல் அப்பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அங்கு பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் பயிற்சி பெற்றார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவறம் பெற்று விபுலாநந்தர் ஆனார். இச்சிவானந்தர் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடர்களுள் ஒருவர்.

துறவு என்றவுடன் உலகத்தை விட்டு ஒதுங்கிப் போவது என்றே நாம் எண்ணுகிறோம். இராமகிருஷ்ண இயக்கத்தின் துறவு அப்படிப்பட்டதன்று. மக்களுக்குத் தொண்டு செய்வதையே இறைவழிபாடாகக் கொள்வது அவ்வியக்கத்தின் நெறி. அரிஸ்டோட்டில் வேண்டிய பழக்கமும் பயிற்சியும் இங்கே அவருக்குக் கிடைத்தன. நல்லதை அறிந்திருந்த அவர், நல்லதைச் செய்வதையே அன்றாடத் தொழிலாக மாற்றிக்கொண்டார்.

மட்டக்களப்புக்குத் திரும்பியவர்

1925 இல் விபுலாநந்தர் இலங்கைக்குத் திரும்பினார். மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளை முகாமையாளராக இருந்து வளர்த்தார். அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கே கிடைத்தது. இலவசக் கல்வி 1945 இலேயே நடைமுறைக்கு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எனவே 1920களில் வயல் வேலை செய்பவரின் பிள்ளைக்கும் வாவியில் வலை வீசுபவரின் பிள்ளைக்கும் உயர்ந்த கல்வி எட்டாத ஒன்றாகவே இருந்தது.

இந்நிலையில் 1929 இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அவர் தொடக்கினார். தமது குருவின் பெயரையே அதற்குச் சூட்டினார். அங்கு விடுதியும் அமைந்தது. தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த வசதியற்ற பிள்ளைகளும் தங்கிப் படிக்க வழி பிறந்தது. தாம் பிறந்த காரைதீவில் பெண்பிள்ளைகளின் கல்விக்காகச் சாரதா வித்தியாலயம் உருவாகவும் அவர் காரணமாக இருந்தார்.

குகைக் கதையை இப்போது நினைத்துப் பாருங்கள். காரைதீவிலிருந்து புறப்பட்ட மயில்வாகனன் மட்டக்களப்பு, கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்று ஒவ்வொரு படியாக ஏறி வெளிச்சத்தைக் கண்டார். கண்ட பின்னர், தமது மண்ணின் பிள்ளைகளை நோக்கி இறங்கி வந்தார். அவர் கட்டிய பாடசாலைகள் இந்த இறக்கத்தின் பயன்களே.

கொக்கட்டிச்சோலை மாணவர்களுக்கு இதனை விளக்குவது எனக்கு இலகு. நாம் வாழ்வது படுவான்கரை, அதாவது சூரியன் மறையும் பக்கத்துக் கரை. வாவிக்கு அப்பால் உள்ளது எழுவான்கரை, சூரியன் எழும் பக்கத்துக் கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை நம் ஊரவர்கள் மண்முனைத் துறையில் படகுப்பாதைக்குக் காத்து நின்றே அக்கரைக்குச் சென்றார்கள். உங்கள் பெற்றோர் பலர் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து படித்தவர்கள். படிப்பை இடையில் விட்டவர்களும் உண்டு. இன்று பாலத்தால் சில நிமிடங்களில் அக்கரைக்குச் சென்றுவிடலாம். ஆனால் படித்து அக்கரை சென்றவர்களுள் எத்தனை பேர் இக்கரைப் பிள்ளைகளை நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

திருவேட்களத்து மாலை வகுப்பு

1931 இல் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்தர் பொறுப்பேற்றார். 1933 வரை அங்கு பணியாற்றினார். பாரதியாரின் பாடல்களுக்குக் கற்றோர் பலர் உரிய மதிப்பளிக்காத காலம் அது. விபுலாநந்தர் பல்கலைக்கழக மாணவரிடையே பாரதியை அறிமுகஞ்செய்து, பாரதி பாடல்களைப் பயில ஒரு கழகமும் அமைத்தார்.

ஆயினும் அவருடைய சிதம்பர வாழ்வில் நாம் முக்கியமாக அறிய வேண்டியது வேறொன்று. பல்கலைக்கழகத்திற்கு அருகே திருவேட்களம் என்ற ஊர் இருக்கிறது. அங்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரி ஒன்று இருந்தது. பகலில் பல்கலைக்கழக மாணவருக்குச் சிலப்பதிகாரமும் சங்க இலக்கியமும் கற்பித்த பேராசிரியர், மாலை வேளைகளில் அச்சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

அக்காலத்து நிலையை எண்ணிப் பாருங்கள். அம்மக்கள் கோயிலுக்குள் செல்ல முடியாது. பொதுக் கிணற்றில் நீர் அள்ள முடியாது. அவர்கள் வாழும் தெருவுக்குள் உயர்சாதியினர் என்று கருதப்பட்டோர் கால் வைப்பதே தவறு என்று எண்ணப்பட்டது. காவியுடை தரித்த பேராசிரியர் ஒருவர் அங்கு சென்று அமர்ந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தது சாதாரணச் செயலன்று.

இவ்விடத்தில் கிரேக்கரின் இலட்சியச் சமுதாயத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. பிளேட்டோ தமது இலட்சிய அரசில் மக்களை மூன்று பிரிவினராக வகுத்தார். ஆட்சி செய்வோர், காவல் புரிவோர், பயிரிடுதல் முதலிய தொழில் செய்வோர் என்பன அப்பிரிவுகள். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய தொழிலைச் செய்வதே நீதி என்றார். கீழ்ப்பிரிவில் பிறந்த பிள்ளை ஒன்றிடம் திறமை காணப்பட்டால் அதனை மேற்பிரிவுக்கு உயர்த்தலாம் என்று கூறியிருப்பினும், உயர்கல்வி ஒரு சிலருக்கே உரியதாக இருந்தது. அரிஸ்டோட்டிலோ சில மனிதர்கள் இயற்கையாகவே அடிமைகளாகப் பிறக்கின்றனர் என்று எழுதினார். ஏதென்ஸ் நகரமே அடிமைகளின் உழைப்பிலும் தங்கியிருந்தது. இவ்வளவு ஆழமாகச் சிந்தித்தவர்களுக்கும் கண்ணெதிரே இருந்த அநீதி அநீதியாகத் தெரியவில்லை. அறிவு மட்டும் போதாது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா?

பிளேட்டோ சிசிலித் தீவில் சிராக்கியூஸ் நகரத்து ஆட்சியாளரைக் கற்பித்து நல்லாட்சி அமைக்க முயன்றார். அம்முயற்சி தோல்வியில் முடிந்தது. விபுலாநந்தர் அரண்மனைப் பக்கம் போகவில்லை. கல்வி கிடைக்காமல் வெளியே நின்ற பிள்ளையிடமிருந்து தொடங்கினார். நல்ல சமுதாயத்தை மேலிருந்து கீழே கட்டுவதா, கீழிருந்து மேலே கட்டுவதா என்ற வினாவுக்கு இது அவர் அளித்த விடை.

விஞ்ஞானம் தமிழில் வரவேண்டும்

இன்று நீங்கள் விஞ்ஞானத்தைத் தமிழ்மொழியில் கற்கிறீர்கள். ஒட்சிசன், அமிலம், ஆர்முடுகல் ஆகிய சொற்களைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறீர்கள். ஒரு காலத்தில் இது முடியாத காரியம் என்று படித்தவர்களே கூறினர். விஞ்ஞானத்தைச் சொல்லத் தமிழில் சொற்கள் இல்லை என்றனர்.

1936 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல்லாக்கத்திற்கான மாநாடு ஒன்று நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் விபுலாநந்தர். கணிதம், பௌதிகம், இரசாயனம் போன்ற துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் முயற்சியில் அவர் முன்னின்றார். விஞ்ஞானப் பட்டமும் பண்டிதர் பட்டமும் ஒருவரிடமே இருந்தமையால், அப்பணிக்கு அவரைவிடப் பொருத்தமானவரைக் காண்பது அரிது. ஆங்கிலம் அறிந்த சிலரிடம் மட்டும் அடைபட்டிருந்த அறிவை எல்லோருக்கும் திறந்துவிடுவதும் சமுதாயத் தொண்டுதான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மறுபுறம் பிறநாட்டு அறிவையும் தமிழருக்குக் கொண்டுவந்து தந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்புநோக்கி மதங்க சூளாமணி என்ற நூலை எழுதினார்; அது 1926 இல் வெளிவந்தது. கிரேக்கரின் கலைச் சிறப்பைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய, யவனபுரத்துக் கலைச்செல்வம் என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். யவனர் என்பது பழந்தமிழ் நூல்களில் கிரேக்கரையும் உரோமரையும் குறிக்கும் பெயர். ஆகவே, இக்கட்டுரையில் நாம் கிரேக்கரோடு அவரை ஒப்பிடுவது வலிந்து செய்யும் ஒப்பீடன்று.

1939 முதல் சில ஆண்டுகள் இமயமலைச் சாரலில் மாயாவதி என்னும் இடத்திலுள்ள ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக விளங்கினார். அமைதியான அந்த மலையில் எஞ்சிய காலத்தைக் கழித்திருக்கலாம். அவரோ மீண்டும் இறங்கி வந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

யாழ்நூல்: கணிதமும் இசையும்

விபுலாநந்தர் என்றவுடன் நினைவுக்கு வருவது யாழ்நூல். ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய நூல் அது. பழந்தமிழர் இசைத்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அது எப்படி இருந்தது, எத்தனை நரம்புகள் கொண்டது, எவ்வாறு சுருதி கூட்டப்பட்டது என்று திட்டமாக விளக்குவார் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதியையும், அதற்கு எழுந்த பழைய உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு அவர் ஆராய்ந்தார்.

இங்கே அவருக்குத் துணைநின்றது கணிதம். கணித பாடத்தில் பைதகரசின் தேற்றத்தைப் படிக்கிறீர்கள் அல்லவா? அப்பைதகரசும் அவரது மரபினரும் இசையையும் எண்களையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தவர்கள். ஒரு நரம்பின் நீளத்தைச் சரி பாதியாக்கினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். நீளங்கள் 3:2 என்ற விகிதத்தில் இருப்பின் ஷட்ஜமத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவு தோன்றும். 4:3 என்பது ஷட்ஜமத்திற்கும் சுத்த மத்திமத்திற்கும் உள்ள உறவு. இத்தகைய விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டே விபுலாநந்தர் பழந்தமிழ்ப் பண்களையும் யாழின் அமைப்பையும் விளக்கினார். பிளேட்டோவும் தமது கல்வித்திட்டத்தில் எண்கணிதம், கேத்திரகணிதம், வானியல் ஆகியவற்றோடு இசையின் விகிதங்களையும் சேர்த்திருந்தார் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

விஞ்ஞானம் வேறு, தமிழ் வேறு என்று மயில்வாகனன் இளமையில் பிரித்திருந்தால் யாழ்நூல் பிறந்திருக்காது.

இறுதி நாட்கள்

கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர் முன்னிலையில் அரங்கேறியது. அப்போதே விபுலாநந்தரின் உடல்நலம் குன்றியிருந்தது. எடுத்த பணியை நிறைவேற்றிய பின் இலங்கைக்குத் திரும்பிய அவர், 1947 ஜூலை 19 இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது வயது ஐம்பத்தைந்து.

அவரது உடல் கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சென்னை, சிதம்பரம், இமயமலை, கொழும்பு என்று எங்கெங்கோ பணியாற்றியவர், இறுதியில் தாம் கட்டிய பாடசாலையின் நிலத்திலே துயில்கிறார். மட்டக்களப்பு நகருக்குச் செல்லும்போது ஒருமுறை அவ்விடத்தைச் சென்று பாருங்கள். பாலத்தைத் தாண்டி விட்டால் தூரமில்லை.

நாம் கற்பது என்ன?

மாணவர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். இவ்வளவும் படித்து முடித்தபின் என்ன?

விபுலாநந்தரின் வாழ்க்கையைப் பரீட்சைகளின் பட்டியலாகவும் எழுதலாம். அவர் சித்தியடைந்த பரீட்சைகளை நம்மில் எவராலும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அப்பரீட்சைகளோடு அவர் நின்றிருந்தால், சம்பளம் பெற்று ஓய்வூதியம் எடுத்த ஓர் அதிபராக அவரை அவருடைய உறவினர் மட்டும் நினைத்திருப்பார்கள். படிப்பு அவரை உயர்த்தியது. அந்த உயரத்திலிருந்து கீழே நின்றவர்களுக்குக் கை கொடுத்ததால் அவர் இன்றும் நினைக்கப்படுகிறார்.

எல்லோரும் துறவியாக வேண்டும் என்று நான் கூறவில்லை. எல்லோரும் பாடசாலை கட்டவும் முடியாது. நீங்கள் நாளை ஆசிரியராகலாம், தாதியாகலாம், விவசாயியாகலாம், கடல் கடந்து வேலைக்குச் செல்லலாம். எங்கிருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த ஒன்றை அது தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசிக்கத் திணறினால், பரீட்சை முடிந்த விடுமுறையில் மாலை நேரத்தில் அரை மணித்தியாலம் அப்பிள்ளையோடு அமர முடியும். திருவேட்களத்தில் பேராசிரியர் செய்ததும் அதுதான். அரிஸ்டோட்டில் கூறியபடி பார்த்தால், அந்த அரை மணித்தியாலம் பழக்கமாகும், பழக்கம் ஒழுக்கமாகும்.

பரீட்சையில் நன்றாக எழுதுங்கள். சித்தியடைந்து அக்கரைக்குச் செல்லுங்கள். திரும்பி வரும் வழியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நினைவிற் கொள்ளவேண்டிய ஆண்டுகள்

1892 – காரைதீவில் பிறப்பு
1908 – கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தி
1916 – விஞ்ஞான டிப்ளோமா. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்
1920 – மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர்
1922 – இராமகிருஷ்ண மடத்தில் இணைதல்
1924 – துறவறம்
1925 – இலங்கைக்குத் திரும்புதல்
1926 – மதங்க சூளாமணி
1929 – சிவானந்த வித்தியாலயம்
1931 – அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்
1936 – கலைச்சொல்லாக்க மாநாடு
1943 – இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்
1947 – யாழ்நூல் அரங்கேற்றம், மறைவு

பயிற்சி வினாக்கள்

1. விபுலாநந்தரின் இயற்பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவற்றைத் தருக.
2. சோக்கிரட்டீசும் அரிஸ்டோட்டிலும் நல்லொழுக்கம் பற்றிக் கொண்டிருந்த கருத்து வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களில் எழுதுக.
3. யாழ்நூல் ஆராய்ச்சிக்கு விபுலாநந்தரின் கணித அறிவு எவ்வாறு உதவியது?
4. பிளேட்டோவின் இலட்சிய அரசையும் விபுலாநந்தரின் திருவேட்களப் பணியையும் ஒப்பிட்டு 100 சொற்களில் எழுதுக.
5. கற்றவரின் கடமை என்னும் தலைப்பில் 250 சொற்களில் கட்டுரை ஒன்று எழுதுக.

குறிப்பு: 5 ஆம் வினாவிற்கு விடை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்கிவிட்டு நின்றுவிட வேண்டாம். விபுலாநந்தரின் வாழ்விலிருந்து ஒரு செயலைத் தெரிவுசெய்து, அதனை ஏன் செய்தார் என்பதை விளக்குங்கள். இறுதிப் பந்தியில் உங்கள் ஊரில் நீங்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அது உண்மையாகவே உங்களால் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.